சபையாரின் பொது வாக்கு: அதன் நோக்கம் யாது?

(சாரல் காலத்தில் தென்காசியில் கூடிய நம்மவர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



குற்றாலத்து அருவியில் நீராடிவிட்டு இன்று இங்கே கூடியிருக்கிறோம். அந்நீரே சிற்றாறாகி, அணைகளாலும் கால்வாய்களாலும் இத்தென்காசிப் பக்கத்து வயல்களுக்குப் பாய்கின்றது. முன்னாளில் மழைக்கு முன்னரே ஆயக்கட்டுக் குடிகள் ஒன்றுகூடிக் கால்வாயைத் தூர் வாருவர். அதற்குக் குடிமராமத்து என்று பெயர். தலைமடைக்காரனுக்கு வாராவிடினும் நீர் கிடைக்கும். ஆயினும் அவனும் மண்வெட்டி எடுத்தான். கடைமடைக்காரன் பயிர் காயலாகாதன்றோ? கிறிஸ்தவ சபையார் ஒருமித்துச் செய்யும் வாக்கின் நோக்கமும் இதுவே என்பது என் துணிபு.

நம் சங்கத்தில் பிறப்பினால் இடம் பெறுகிறோம். சபையிலோ வாக்கினால் இடம் பெறுகிறோம். குழந்தையின் ஞானஸ்நானத்தில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் கூறிய வாக்கை, அப்பிள்ளை வளர்ந்தபின் திடப்படுத்தலின்போது சபையார்முன் தன் வாயாலேயே உறுதிசெய்கிறது. ஜெபித்தலும், காணிக்கை கொடுத்தலும், துன்புற்றோர்க்கு உதவுதலும் அவ்வாக்கில் அடங்கும்.

இவ்வாக்கு நம் நாட்டில் செய்த வேலையைக் கேளுங்கள். விசுவாசத்தின் பொருட்டு ஊரைவிட்டுத் துரத்தப்பட்டோர்க்கு நிலம் வாங்கிக் குடியேற்றும்படி, ரேனியஸ் ஐயர் காலத்தில், 1830இல், திருநெல்வேலிச் சபையார் தர்ம சங்கம் கண்டனர். அது தம்மவரைக் காத்தல். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரிச் சங்கம் தோன்றியது. அதன் முதற் காரியதரிசி வெள்ளாளன்விளையிற் பிறந்த அசரியா. உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியை நம் தாய்மார் கலயத்தில் எடுத்துவைத்தனர். இவ்வாறு சேர்ந்த காணிக்கை, நைஜாம் ராஜ்யத்துத் தோர்ணக்கல்லில், பாஷையாலும் ஜாதியாலும் நமக்கு அந்நியரான மாலர், மாதிகரிடம் ஊழியஞ்செய்யச் சென்றது. இது பிறரைத் தேடுதல். 1912இல் அசரியா அங்கே அத்தியட்சரானார். ஞானஸ்நானம் பெற்றோர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியைப் பிறர்க்கு அறிவிக்கும் கடனைத் தாமே சொல்லி ஏற்கும் வழக்கத்தையும் ஏற்படுத்தினார். பெற்றவன் கொடுப்பவனானான்.

நிற்க. நம் நிலை என்ன? கலியாணத்துக்கும் கல்லறைக்கும் மட்டும் சபையைத் தேடுவோர் நம்முள் உண்டு. தூர் வார ஆள் அனுப்பாமல் தண்ணீர் கேட்பவனுக்கும் அவர்களுக்கும் பேதமென்ன? வேறொரு குற்றமும் உண்டு. இதில் நானும் குற்றவாளியே. சந்தாவும் காணிக்கையும் ஒழுங்காய்க் கட்டுகிறோம். கட்டியதெல்லாம் நம் கோயிற் சுவருக்கும் நம்மவர் வீட்டுக்குமே போய்ச் சேருகின்றது. தலைமடையிலேயே தேங்கிய நீர் பாசி பிடிக்கும். ஒரே திருவிருந்தில் அருகே முழங்காற்படியிடும் பிறஜாதிச் சகோதரனை வீட்டு விருந்துக்கு அழைக்கத் தயங்கினால், நாம் பேசியது வாக்கன்று, வெறும் வாய்ச்சொல்.

ஆதலால் ஒன்று வேண்டுகிறேன். அடுத்த திருவிருந்துக்கு முன் ஒவ்வொரு குடும்பத்தாரும் தம் ஊரின் கடைமடை எதுவென்று ஆராயுங்கள். பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்க்கும் விதவையின் குடிசையோ? நம் ஜாதியல்லாதார் தெருவோ? அங்கே ஒருமுறை நடந்து செல்லுங்கள். நீர் அங்கே சென்றால்தான் கால்வாய் கால்வாயாகும்; வாக்கும் வாக்காகும்.