மறுத்தவரோடு உறவு



மதம் பரப்ப வருகிறவர் வாசலில் நின்று இனிமையாகத்தான் பேசுவார். "எனக்கு வேண்டாம் ஐயா" என்று சொன்ன மறுநாள் தெருவில் எதிர்ப்பட்டால் முகம் கொடுத்துப் பேசுகிறாரா? நான் பார்ப்பது அதைத்தான்.

அமெரிக்காவின் மார்மன் சபையை எடுத்துக்கொள்ளுங்கள். 1838இல் மிசூரி மாநில ஆளுநர், இவர்களை ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தைவிட்டே விரட்ட வேண்டும் என்று ஆணையிட்டார். கடுங்குளிரில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து ஓடினார்கள். அக்கரையில் குவின்சி என்ற சிற்றூர். ஊரின் மக்கள்தொகையைவிட வந்தவர்கள் அதிகம். அந்த ஊரார் மார்மன்கள் அல்லர். ஆனாலும் சோறும் இடமும் கொடுத்தார்கள்.

அப்படி வாழ்வு பெற்றவர்கள் யூட்டாவில் குடியேறிப் பெரும்பான்மையானார்கள். 1857இல் அவ்வழியே மேற்கே போன அந்நியப் பயணிகள் சுமார் 120 பேரை, பாதுகாப்புத் தருவதாக வாக்களித்து வெளியே வரவழைத்து, மார்மன் படையினர் கொன்றார்கள். பெண்களும் பிள்ளைகளும் அதில் உண்டு. இதை மறைத்துவிட்டு அவர்களைப் பாராட்ட எனக்கு மனம் வராது.

ஆனால் அந்தக் கொலை நடந்த அதே தெற்கு யூட்டாவில், செயின்ட் ஜார்ஜ் என்ற ஊரில், 1879இல் நடந்ததையும் கேளுங்கள். கத்தோலிக்கப் பாதிரியார் ஸ்கான்லனுக்குத் திருப்பலி நடத்த இடமில்லை. மார்மன்கள் தங்கள் ஆலயத்தையே திறந்துவிட்டார்கள். அவர்களுடைய பாடகர் குழு லத்தீன் மொழிப் பாடல்களைப் பயின்று அன்று பாடியது! யாரும் யாரையும் மதம் மாற்றவில்லை.

2001 அக்டோபரில் மார்மன் சபையின் மூத்த தலைவர் ரசல் பேலர்ட், பொது மாநாட்டு மேடையிலேயே தம் மக்களைக் கண்டித்தார். வேறு சபைக் குடும்பத்துப் பிள்ளையோடு விளையாடாதே என்று தடுக்கும் பெற்றோரைக் கடிந்தார். கருத்து மாறுபடும் அண்டை வீட்டாரிடம், வேறு ஊர் பார்த்துப் போகலாமே என்று விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதீர்கள் என்றார். குறை இருந்ததால்தானே சொன்னார்? தன் கூட்டத்தின் குறையைத் தன் மேடையில் சொன்ன அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப்பட்டையுமாக இரண்டு மார்மன் இளைஞர்கள் வாசலில் நின்றால், விருப்பமில்லை என்பதை முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். காப்பி, டீ அவர்கள் தொட மாட்டார்கள். ஆளுக்கு ஒரு தம்ளர் மோர் கொடுத்து அனுப்புங்கள்.