சோதனை ஓட்டத்தில் கிரேன் அடியில் நிற்பவர் யார்?

(தொழிற்சங்கப் பயிலரங்கில் ஆற்றிய உரையிலிருந்து)

2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினம் இந்துஸ்தான் கப்பல் கட்டும் தளத்தில், சோதனை ஓட்டத்தின்போது 70 டன் கிரேன் சரிந்து 11 பேர் மாண்டனர். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள்.

2025 வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆவது பிரிவு, பாதுகாப்பான பளு அளவை கிரேன் மீது தெளிவாகக் குறிக்கச் சொன்னது. அந்த அளவை மீறிப் பளு ஏற்றச் சோதனைக்கு மட்டுமே அதில் விலக்கு இருந்தது. அப்படியெனில் அபாயம் உச்சத்தில் இருப்பதும் சோதனையின்போதுதானே! அந்நேரம் பணிக்குத் தேவையற்ற எவரும் கிரேன் மேலோ அடியிலோ இருக்கலாகாது. இதைப் பளு ஏற்றுமுன் தீர்மானிக்கும் இடத்தில் ஆபரேட்டரும் கொக்கி மாட்டுபவரும் அமர வேண்டும். “தூக்க மாட்டேன்” என்று சொல்லும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு மறுநாள் வேலை உறுதியில்லை என்றால், அபாய மதிப்பீட்டுப் படிவத்தில் அவரிடம் வாங்கும் கையொப்பத்துக்கு என்ன மதிப்பு? பாதுகாப்புக் குழுவில் அவருக்கும் இடம் வேண்டும். அடுத்த பேச்சுவார்த்தையில் நமது முதல் கோரிக்கை இதுவே.