நிலக்கரிக் குழியில் போன தாத்தாவைத் தேடினோம்

(சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீர்மானங்களை விளக்கிப் பேசத்தான் எங்களை வழக்கமாக மேடைக்கு அழைப்பீர்கள். இன்று எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்ல அனுமதி கேட்டோம். கேட்டு முடித்தபின், இது எங்கள் வீட்டுக் கதை மட்டும்தானா என்று நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் தாத்தா வடஆற்காட்டுக்காரர். கோலார் தங்கவயலில் சுரங்க வேலை பழகியவர். 1950-களில் ஒரு காண்டிராக்டரின் பின்னால், அன்று பீகாரில் இருந்த ஜரியா நிலக்கரி வயலுக்குப் போனார். மாதாமாதம் வந்த மணியார்டர் ஒரு நாள் நின்றது. இரண்டு மாதம் கழித்து ஊர்க்காரர் ஒருவர் வந்து, "குழியிலே போயிட்டாரு" என்றார். ஆயாவுக்கு உடலும் வரவில்லை, காகிதமும் வரவில்லை, காசும் வரவில்லை. காண்டிராக்ட் ஆளுக்கு நஷ்டஈடு கிடையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆயா அதை நம்பினார். கூலிக்குக் களை எடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். அந்த நம்பிக்கையோடே கண்ணை மூடினார்.

அப்பா ரயில்வேயில் கலாசியாக வடக்கே வந்தார். நாங்கள் குட்ஸ் ஆபீஸ் குமாஸ்தா. ஒரு ரேக் நிலக்கரி எங்கே ஏறியது, எத்தனை வேகன், எத்தனை டன், யார் பெயருக்குப் போகிறது, எல்லாம் எங்கள் கைவழியாகப் பதிவாகிறது. கரிக்கு இத்தனை கணக்கு இருக்கையில், அதை வெட்டிய மனிதனுக்கு ஒரு வரி இருக்காதா? அண்ணன் தம்பி இருவரும் தேடப் புறப்பட்டோம்.

முதலில் தவறான இடத்தில் தேடினோம். "பெரிய விபத்து" என்றே வீட்டில் சொல்லி வந்தார்கள். ஆகவே பெரிய விபத்துகளைப் பார்த்தோம். 1955-ல் ஆம்லாபாத்தில் 52 பேர். 1965 மே 28-ல் டோரியில் 268 பேர். 1975 டிசம்பர் 27-ல் சாஸ்நாலாவில் தண்ணீர் புகுந்து 375 பேர். எதிலும் எங்கள் தாத்தா இல்லை.

பிறகுதான் புரிந்தது. நிலக்கரிச் சுரங்கங்களில் உயிர்விட்டவர்களில் பெரும்பாலோர் பெரிய விபத்தில் சாகவில்லை. ஒருவர், இருவர் என்றே செத்தார்கள். கூரை இடிந்து விழுந்ததே அன்று முதல் காரணம். நிலத்தடியில் கரியை வெட்டும்போது, கூரையைத் தாங்க ஆங்காங்கே கரியையே தூண்களாக விட்டுவைப்பார்கள். கடைசியில் பின்வாங்கிக்கொண்டே அந்தத் தூண்களையும் வெட்டி எடுப்பார்கள். அப்போது தலைக்கு மேலே இருக்கும் பாறைக்கு மர முட்டுகள்தான் கதி. அங்கே ஒருவர் செத்தால் பத்திரிகையில் வராது, மந்திரி வரமாட்டார், நினைவுத்தூணும் எழும்பாது.

வழி காட்டியது ஆயாவின் தகரப்பெட்டி. மணியார்டர் பாரத்தின் அடியில் சேதி எழுதும் துண்டுச் சீட்டு இருக்குமே, அவற்றை ஆயா நூலில் கோத்து வைத்திருந்தார். கடைசிச் சீட்டில் தபாலாபீஸ் முத்திரை மங்கலாகத் தெரிந்தது: ஜரியா பக்கத்து ஓர் ஊர், 1956 ஜூலை. எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்தான் ஊரையும் மாதத்தையும் எங்களுக்காகக் காப்பாற்றி வைத்திருந்தார்.

லீவு போட்டுப் போனோம். அந்தப் பக்கத்துக் குழிகள் 1972-லும் 1973-லும் தேசியமயமானபோது பல சிறு சுரங்கங்கள் ஒன்றாக இணைந்து, பழைய பெயர்களே மறைந்துவிட்டன. ஓர் அலுவலகத்தில், கரையான் தின்றுவிட்டது என்றார்கள். இன்னோர் அலுவலகத்தில், யார் நீங்கள், எதற்கு என்றார்கள். மூன்றாம் பயணத்தில் ஒரு வயதான பியூன் மனமிரங்கிக் கட்டுகள் கிடந்த அறையைத் திறந்துவிட்டார்.

அங்கே ஒரு வரி இருந்தது. பெயர் திரிந்திருந்தது, தமிழ்ப் பெயரைக் காதில் விழுந்தபடி யாரோ எழுதியிருந்தார்கள். தகப்பன் பெயர் இல்லை. சொந்த ஊர் என்ற இடத்தில் ஒரே சொல்: "மதராஸ்." மரணத்துக்குக் காரணம், கூரைக் கல். முட்டு இல்லாத இடத்துக்கு அவராகவே போனார் என்று குறிப்பு. முட்டு வைக்காதது யார் என்று ஒரு வார்த்தை இல்லை. செத்தவன் மீது பழி போடுவது சுலபம், தோழர்களே; அவன் எழுந்து மறுப்புச் சொல்லமாட்டான். சாட்சியாகக் கைநாட்டு வைத்திருந்தவர், சேதி கொண்டு வந்த அதே ஊர்க்காரர். அதனால்தான் இவர் எங்கள் தாத்தா என்று உறுதியாயிற்று.

அடுத்த காகிதத்தைப் பார்த்தபோதுதான் அண்ணன் உட்கார்ந்துவிட்டார். நஷ்டஈட்டுத் தொகை ஆணையரிடம் கட்டப்பட்டிருந்தது. கீழே ஒரு வரி: "வாரிசு தெரியவில்லை."

காண்டிராக்ட் ஆளுக்கு நஷ்டஈடு கிடையாது என்றது பச்சைப் பொய். காண்டிராக்டரின் ஆளானாலும் முதலாளியே பொறுப்பு என்று 1923-ம் ஆண்டு நஷ்டஈட்டுச் சட்டத்திலேயே இருந்தது. சாவுக்கான தொகையை ஆணையரிடம்தான் கட்டவேண்டும் என்றும் இருந்தது. பணம் கட்டப்பட்டது. ஆனால் மதராஸ் ராஜ்யத்தில் ஒரு விதவையை எந்தத் தெருவில் தேடுவது? ஆயா களை எடுத்த அத்தனை ஆண்டும் அவர் பணம் கேட்பாரற்றுக் கிடந்தது, ஊர்ப்பெயர் ஒன்று எழுதப்படாததால்!

நிலக்கரி வயலில் முன்னோரைப் பறிகொடுத்த குடும்பம் இங்கே இருந்தால், எங்கள் அனுபவத்தைக் கேளுங்கள். வீட்டுப் பெட்டியிலிருந்து தொடங்குங்கள். தபால் முத்திரை, பழைய கடிதம், எதையும் எறியாதீர்கள். ஊரும் மாதமும் தெரிந்தபின் நஷ்டஈட்டு ஆணையரின் கோப்புகள், சுரங்கத்தின் ஆள் பதிவேடான பி பாரம், 1948-க்குப் பிந்தியவர் என்றால் நிலக்கரிச் சுரங்கப் பிராவிடண்ட் பண்டு ஆகியவற்றைத் தேடுங்கள். சுரங்க ஆய்வுத் துறை 1908 முதல் தன்பாத்தில் இருக்கிறது. அதன் பழைய ஆண்டறிக்கைகள் விபத்துகளைக் காரணம் வாரியாகச் சொல்லும். பெயரை ஒரே எழுத்தில் தேடாதீர்கள். வடக்கத்திக் காதுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று நாலு விதமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஆனால் இதைச் சொல்ல மட்டும் நாங்கள் மேடை ஏறவில்லை. தாத்தாவுக்கு நடந்தது நாளை நம் பிள்ளைக்கு நடக்காது என்று யார் சொல்ல முடியும்? லைனில் தண்டவாள வேலை செய்யும் காண்டிராக்ட் பையன்களை விசாரித்தோம். பலருக்குத் தங்கள் முதலாளி யார் என்றே தெரியவில்லை. வெளிமாநிலத் தொழிலாளிக்குக் காண்டிராக்டர் பாஸ்புக் கொடுக்க வேண்டும் என்று 1979-லேயே சட்டம் வந்தது. அந்தப் பாஸ்புக்கை நம்மில் எத்தனை பேர் கண்ணால் கண்டோம்?

அடுத்த ஞாயிறு சங்க அறைக்கு ஒவ்வொரு குடும்பமும் வாருங்கள். ஆதார், பிராவிடண்ட் பண்டு, சம்பளச் சீட்டு மூன்றையும் கொண்டு வாருங்கள். பெயர் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா? வாரிசு பெயர் எழுதியிருக்கிறதா? சொந்த ஊர் என்ற இடத்தில் கிராமம், தபாலாபீஸ், மாவட்டம் உண்டா? பிழை இருந்தால் மனு எழுதித் தர நாங்கள் உட்கார்ந்திருப்போம். ஆயி, அப்பன் கைநாட்டு வைத்த காலம் போயிற்று என்று நாம் பெருமை பேசுகிறோம். எழுதப் படித்த நாம், நம் பெயர் எங்கே எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துப் பார்த்தோமா?

அந்த ஒரு வரியின் நகலை ஊருக்குக் கொண்டுபோய் ஆயாவின் படத்துக்கு முன்னால் உரக்கப் படித்தோம். அவர் உயிரோடு கேட்டிருக்க வேண்டியது. நம் வீட்டுப் பெண்கள் எவரும் அப்படி 60 ஆண்டு கழித்துப் படத்திலிருந்து கேட்கும் நிலை இனி வரக்கூடாது.