தலையில் பட்ட அடி

1983இல் தொடங்கிய சுல்தான் அஸ்லான் ஷா கிண்ண ஹாக்கியின் ஊர் நம் ஈப்போ. சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய ரப்பர்த் தோட்டத் திடல்களிலோ காற்பந்துதான். தலையோடு தலை மோதி விழுந்த பையன் முகத்தில் தண்ணீர் தெளித்து, "ஒன்னும் இல்லடா, எழுந்திரு" என்று திரும்ப இறக்கிவிடுவோம். வீரம் என்று அதற்குப் பெயர் வேறு!

மூளை அதிர்வு, அதாவது கன்கஷன், வந்தவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. ஸ்கேனிலும் ஒன்றும் தெரியாமல் போகலாம். தலைவலி, குமட்டல், கேட்டதையே திரும்பக் கேட்பது போன்றவைதான் அடையாளம். அன்று மறுபடி ஆடவே கூடாது. மூளை தேறுமுன் விழும் இரண்டாவது அடி, அபூர்வமாக, உயிரையே வாங்கிவிடும். ஓரிரு நாள் ஓய்வு, பிறகு நடை, மெல்லோட்டம், கடைசியில்தான் ஆட்டம். சர்வதேச கிரிக்கெட்டில் 2019 முதல், மூளை அதிர்வு வந்தவருக்குப் பதிலாக இறங்க மாற்று ஆட்டக்காரரே உண்டு.

அடிபட்டவரின் கிளினிக் அட்டையில் 'நெற்றியில் காயம், தையல்' என்று மட்டும் இருந்தால், அடுத்த டாக்டருக்குப் பழைய அடி தெரியாது. எந்த ஆட்டம், எப்போது, எப்படி அடிபட்டது என்று சொல்லி எழுதவையுங்கள். வாந்தி நிற்காவிட்டாலோ, தலைவலி ஏறினாலோ, எழுப்பியும் எழாவிட்டாலோ உடனே 999-ஐ அழையுங்கள்.