வேலை நடுவே அப்டேட் வேண்டாம்
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

வீட்டிலிருந்தே வீடியோ எடிட்டிங், டிசைன் வேலை பார்ப்பவர்கள் நம் குடியிருப்பில் நிறையப் பேர். அவர்களுக்காக என் அனுபவம் ஒன்று.

போன வருஷம் நம் ஆண்டு விழா வீடியோவை நான்தான் எடிட் செய்தேன். இரண்டு நாள் இருக்கும்போது, அப்டேட் வந்திருக்கிறதே என்று அழுத்திவிட்டேன். புதிய பதிப்பில் ஒரு ப்ளக்-இன் வேலை செய்யவில்லை. அதில் சேமித்த ப்ராஜெக்ட் பழைய பதிப்பில் திறக்கவும் இல்லை. குழந்தைகளின் நடனம் பாதிதான் திரைக்கு வந்தது. அந்தப் பிள்ளைகள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

இது எனக்கு மட்டும் நடப்பதல்ல. 2020 ஆகஸ்டில் ஐபோன், ஐபேடுக்கு வந்த லைட்ரூம் அப்டேட் ஒன்று, கிளவுடில் ஏறாத படங்களைப் பலருக்கு அழித்துவிட்டது. சிலவற்றை மீட்கவே முடியாது என்று அடோபியே ஒப்புக்கொண்டது.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான்: தானியங்கி அப்டேட்டை நிறுத்திவைத்திருக்கிறேன். கையிலிருக்கும் வேலையை ஒப்படைத்த பிறகே அப்டேட். அதற்கு முன் எல்லாவற்றையும் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுக்கிறேன். பழைய பதிப்பை உடனே நீக்குவதில்லை.

ஒன்று மட்டும்: பாதுகாப்புக்காக வரும் அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். நகல் எடுத்துவிட்டு அன்றைக்கே போட்டுவிடுங்கள்.