வெண்கட்டியோடு வந்த நாங்கள் கற்றுக்கொண்டவை
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆசிரியர் குழாம் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



"பள்ளிக்கூடத்துக்கு என்ன வேண்டும்?" என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அதற்கு ஆசிரியர்களாகிய எங்கள் பதில் இது.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது, எங்களில் பலருக்கு வட்ஸ்அப் காலை வணக்கம் அனுப்புவதற்கு மட்டும்தான். அதுவே வகுப்பறையானது. பிறகு சூம் வந்தது. அதன் இலவச நேரம் 40 நிமிடம். எங்கள் பாடவேளையும் 40 நிமிடம். நல்ல பொருத்தம்தான்! ஆனால் "பிள்ளையள், ரீச்சர் கதைக்கிறது கேட்குதா?" என்பதிலேயே 10 நிமிடம் போய்விடும். திரையைப் பகிர எங்களுக்குப் பழக்கியவர்கள் தரம் 10 பிள்ளைகள். ஓய்வுபெற இரண்டே வருடம் இருந்த கணித ஆசிரியை ஒருவர், இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே கைத்தொலைபேசியைக் குப்புற வைத்து, கீழே கொப்பியில் கணக்குச் செய்து காட்டினார்.

ஆனால் வகுப்பில் அரைவாசிப் பேர் திரையில் இல்லை. வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி. அதையும் பகலில் தகப்பன் வேலைக்குக் கொண்டுபோய்விடுவார். அந்தப் பிள்ளைகளுக்காகவே குரல் பதிவுக்கு மாறினோம். அது டேட்டாவை அதிகம் தின்னாது. இரவில் ஒருமுறை இறக்கினால் எத்தனை தரமும் கேட்கலாம். எந்தப் புதுக் கருவியைக் கண்டாலும், அந்தப் பிள்ளையின் வீட்டில் இது வேலைசெய்யுமா என்றுதான் இன்றும் முதலில் பார்க்கிறோம்.

ஜியோஜிப்ரா அப்படி வேலைசெய்யும். இருபடிச் சார்பின் வரைபைக் கரும்பலகையில் ஒரு பாடவேளைக்கு ஒன்றோ இரண்டோ கீறலாம். இதில் குணகத்தை விரலால் நகர்த்த, வளையி ஒடுங்குவதும் விரிவதும், குணகம் மறையானதும் கவிழ்வதும் கண்முன் தெரியும். இலவசம், ஒருமுறை நிறுவினால் இணையமும் தேவையில்லை.

செயலமர்வுகளுக்கும் போகிறோம். ஒரே நாளில் ஒரு டசின் செயலிகளைக் காட்டிச் சான்றிதழும் தருவார்கள். திங்கட்கிழமை வகுப்பில் ஒன்றும் கைக்கு வராது. ஒன்றையே ஒரு தவணை முழுவதும் பழகவேண்டும். தடக்கும்போது கேட்க ஓர் ஆள் வேண்டும். எங்கள் தகவல் தொழினுட்ப ஆசிரியை ஒருவர்தான், அவருக்கும் தன் வகுப்புகள் உண்டு.

ஆகவே, இன்னொரு திறன்பலகை வேண்டாம். உங்களில் கணினித் துறையில் இருப்பவர்கள் சனிக்கிழமையில் ஒரு மணித்தியாலம் எங்களோடு இருங்கள். ஒரு தவணை, ஓர் ஆசிரியை, ஒரே கருவி. தமிழிலேயே கதையுங்கள். எங்களுக்குப் பின்னேரம் 4 மணி. யூன் மாதக் கணக்கில் இலண்டனில் 11.30, மெல்பேர்ணில் இரவு 8.30. ரொறன்ரோ அக்காமார்தான் கொஞ்சம் வெள்ளன எழும்பவேண்டும், அங்கே காலை 6.30. பெயர் பதியும் கொப்பி மண்டப வாசலில் இருக்கிறது. வராதவர்கள் சங்கச் செயலாளருக்கு அறிவிக்கலாம்.