ஒரு 'எஸ்' படுத்தும் பாடு

(தோட்ட வாசிகசாலையில் ஆங்கில மாலை வகுப்பு ஆரம்பித்த அன்று நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)

 

கொழுந்து நிறுத்துவிட்டு, களைப்போடு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதிக நேரம் பேச மாட்டேன்.

நான் வேலைக்கு வந்த புதிதில், ஒரு வயதான அம்மாவின் சேமலாப நிதி விஷயமாக ஆங்கிலத்தில் கடிதம் எழுதிக் கொடுத்து, கூடவே போனேன். "தாள் எல்லாம் இருக்கு" என்பதை 'ஆல் த பேப்பர்ஸ் இஸ் ஹியர்' என்று எழுதியிருந்தேன். வாங்கிப் படித்தவர் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டிச் சிரித்தார். அந்த அம்மாவோ தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார். பிழை விட்டது நான்.

அந்தப் பிழை எங்கிருந்து வந்தது? நம்ம பேச்சிலிருந்துதான். 'ஒரு கூடை இருக்கு' என்கிறோம். 'பத்துக் கூடை இருக்கு' என்றும் சொல்கிறோம். கூடை கூடினாலும் 'இருக்கு' மாறுவதில்லை. ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஒன்று என்றால் 'இஸ்', பல என்றால் 'ஆர்'.

ஆட்களைப் பற்றிப் பேசும்போது தமிழில் வினை ஆளுக்கு ஆள் மாறும். நான் பறிக்கிறேன், நீ பறிக்கிறாய், அவள் பறிக்கிறாள், அவர்கள் பறிக்கிறார்கள். பேச்சுச் சிங்களத்தில் 'மம யனவா, எயா யனவா, அப்பி யனவா'. எல்லாருக்கும் ஒரே 'யனவா'தான். ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஐ பிளக், யூ பிளக், வீ பிளக், தே பிளக். ஹீ, ஷீ, இட் மூன்றுக்கும் மட்டும் 'எஸ்' வேண்டும்: ஷீ பிளக்ஸ். இவ்வளவுதான். தமிழ் பேசுகிற பிள்ளைக்கு இது பெரிய சுமையா, சொல்லுங்க?

ஞாபகம் வைக்க ஒரு வழி. 'த கேர்ள் பிளக்ஸ்', 'த கேர்ள்ஸ் பிளக்'. பெரும்பாலும் 'எஸ்' ஒரு பக்கம்தான் வரும். பெயரில் இருந்தால் வினையில் வராது. ஆனால் சில்ட்ரன், விமன், பீப்பள் என்பவை 'எஸ்' இல்லாமலே பன்மை. 'த சில்ட்ரன் கோ' என்றுதான் எழுத வேண்டும்.

இன்னொரு இடத்திலும் நம்ம பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். அப்பாவை மரியாதையாக 'வருகிறார்' என்கிறோம். அந்த மரியாதையை நினைத்து 'மை ஃபாதர் கம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கில வினைக்கு மரியாதை தெரியாது. அப்பாவும் 'கம்ஸ்'தான், வாசலில் நிற்கிற நாயும் 'கம்ஸ்'தான்.

'ஒன் ஆஃப் த வேர்க்கர்ஸ் இஸ் சிக்' என்பதில் 'வேர்க்கர்ஸ்' பக்கத்தில் இருந்தாலும் சுகமில்லாதவர் ஒருவர்தான். அதனால் 'இஸ்'. கேன், வில், மஸ்ட், டஸ் வந்துவிட்டால் அடுத்த வினைக்கு 'எஸ்' வேண்டாம். 'ஷீ டஸ் நொட் பிளக்ஸ்' என்பது பிழை, 'பிளக்' போதும்.

பெற்றோர்களே, "எங்களுக்கு ஏ, பி, சி கூடத் தெரியாதே" என்று ஒதுங்க வேண்டாம். பிள்ளை ஒரு வசனம் எழுதினால், "வேலை செய்கிறது யார்? ஒருவரா, பலரா?" என்று தமிழில் கேளுங்கள். பதில் சொல்லும்போது பிள்ளைக்கே பிழை தெரியும். இன்றிரவு ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் யார் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று ஐந்து வசனம் எழுதட்டும்.

ஒன்றை மறக்காதீர்கள். 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழிதான். அரசாங்கக் கந்தோருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் படிப்பது பயத்தினால் அல்ல, நாலு கதவு கூடுதலாகத் திறக்கட்டும் என்றுதான்.

அந்த அம்மாவுக்குப் பணம் கிடைத்தது, அதே பிழையான கடிதத்தோடுதான். ஆகவே பிழை வருமென்று எழுதாமல் இருக்காதீர்கள். இந்த வகுப்பில் யார் பிழை விட்டாலும் யாரும் சிரிக்கக் கூடாது. திருத்திக் கொடுங்கள்.